காலம் குறித்துக் கேட்டல்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடையேற்றினால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். விழா நாளில் உங்களை அப்படிப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. இன்று வானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சரியாகச் சொன்னால், விண்வெளித் தொலைகாட்டிகளில் நேரம் கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் உள்ள ஒரேயொரு கேள்வியைப் பற்றி. "உங்கள் அவதானிப்பை எப்போது செய்ய வேண்டும்? ஏன் அப்போதுதான் செய்ய வேண்டும்?" என்பதே அந்தக் கேள்வி.

நான் வானியல் படித்தவள் அல்ல, ஆர்வத்தால் வாசிப்பவள். ஆனால் ஸ்கானுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் தினமும் கோரிக்கைப் படிவம் எழுதுகிறவள். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் இருந்து படகேறி வந்து வைத்தியம் பார்க்கும் எங்கள் சனத்துக்கும் இது நெருங்கிய கேள்வி. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தத் தொலைகாட்டிகளில் எப்படி நேரம் கிடைக்கிறது என்று பார்ப்போம். 1990 ஏப்ரலில் ஹபிள் தொலைகாட்டி விண்ணுக்குப் போனது. 1999 ஜூலையில் சந்திரா என்ற எக்ஸ்-கதிர்த் தொலைகாட்டி போனது. லாகூரில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து, 1983 இல் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது அது. 2015 செப்டெம்பர் 28 இல் இந்தியா ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட்டை அனுப்பியது. 2021 டிசெம்பர் 25, நத்தார் தினத்தன்று, ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி புறப்பட்டது.

இவற்றில் எதையும் ஒரு விஞ்ஞானி போய்த் தன் கையால் திருப்பிப் பார்ப்பதில்லை. குறித்த காலத்துக்கு ஒருமுறை விண்ணப்பம் கோருவார்கள். எந்தப் பொருளைப் பார்க்க வேண்டும், எந்தக் கருவியால், எவ்வளவு நேரம், எதற்காக என்று எழுதி அனுப்ப வேண்டும். ஹபிளுக்கும் வெப்புக்கும் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். போட்டி மிகக் கடுமையானது. வெப் தொலைகாட்டியின் நான்காவது சுற்றுக்கு 2,377 விண்ணப்பங்கள் வந்தன. அவை எல்லாம் சேர்ந்து கேட்ட நேரம் ஏறத்தாழ 78,000 மணித்தியாலம். ஒரு வருடத்தில் இருப்பதோ 8,760 மணித்தியாலம். பத்துப் பேர் கேட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்ற நிலை.

மாணவிகளுக்காக ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். 2018 இல் ஹபிள் விண்ணப்பங்களை எழுதியவரின் பெயர் தெரியாமல் மதிப்பிடத் தொடங்கினார்கள். அந்த முதற் சுற்றில் பெண்கள் தலைமை தாங்கிய விண்ணப்பங்களில் 8.7 சதவீதமும் ஆண்கள் தலைமை தாங்கியவற்றில் 8.0 சதவீதமும் தெரிவாகின. அதற்கு முந்திய ஆண்டுகளில் பெண்களே தொடர்ந்து பின்தங்கியிருந்தார்கள். பெயரை மறைத்தபோது எழுத்து தானாகப் பேசியது. ஆகவே எழுத்தில் கேட்கும் முறையை நன்றாகக் கற்றுக்கொள்வது வீண் போகாது.

இனி நேரத்துக்கு வருவோம். 2019 டிசெம்பர் 26 காலை யாழ்ப்பாணத்தில் தெரிந்த வளையச் சூரிய கிரகணம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒன்பதரை மணியளவில் சுமார் மூன்று நிமிடம் வளையம் தெரிந்தது. பத்து மணிக்கு வெளியே வந்தவர் வளையத்தைக் காணவில்லை. எவ்வளவு பெரிய தொலைகாட்டி வைத்திருந்தாலும் அவர் கண்டிருக்க முடியாது. வானத்தில் சில காரியங்கள் இப்படித்தான், தம்முடைய நேரத்துக்கு நடக்கும். ஆனால் எல்லாம் அப்படியல்ல. தொலைவிலுள்ள பால்வீதி ஒன்றை இன்று படம் பிடித்தாலும் ஆறு மாதம் கழித்துப் பிடித்தாலும் அது அப்படியே இருக்கும். தன் தேவை இந்த இரண்டில் எந்த வகை என்று விண்ணப்பிப்பவர் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

தொலைகாட்டிக்கும் சொந்தக் கட்டுப்பாடுகள் உண்டு. ஹபிள் பூமியை ஏறத்தாழ 95 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய பாதி நேரம் பூமியே குறுக்கே நின்று மறைத்துவிடும். வெப் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நிற்கிறது. அதன் வெயில் மறைப்பு எப்போதும் சூரியனைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஆகவே சூரியனிலிருந்து 85 பாகைக்கும் 135 பாகைக்கும் இடைப்பட்ட வானத்தை மட்டுமே அது பார்க்கும். எங்கள் பன்னிரண்டு இராசிகளும் இருக்கின்ற சூரிய பாதையை ஒட்டிய விண்மீன் என்றால், வருடத்தில் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 50 நாள் அளவில்தான் பார்க்கலாம்.

ஓர் உண்மையான உதாரணம் சொல்கிறேன். சிம்ம விண்மீன் கூட்டத்தில் 124 ஒளியாண்டு தொலைவில் ஒரு மங்கலான விண்மீன் இருக்கிறது. அதைச் சுற்றும் கோளுக்கு கே2-18பி என்று பெயர். 33 நாளுக்கு ஒருமுறை அது தன் விண்மீனுக்குக் குறுக்கே கடந்து போகும். அந்த இரண்டே முக்கால் மணித்தியாலத்தில் விண்மீனின் ஒளி கோளின் வளிமண்டலத்தினூடாக வரும். அந்த ஒளியைப் பகுத்தால் வளிமண்டலத்தில் என்ன வாயுக்கள் உள்ளன என்று அறியலாம். இந்தியாவில் பிறந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் நிக்கு மதுசூதனின் குழு இதற்காக வெப் தொலைகாட்டியில் நேரம் பெற்றது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 33 நாளுக்கு ஒருமுறை என்றால் வருடத்தில் பதினொரு தடவை கடக்கும். ஆனால் தொலைகாட்டி அந்தப் பக்கம் திரும்பக்கூடிய காலம் இரண்டு ஐம்பது நாள்கள் மட்டுமே. ஒவ்வொரு ஐம்பது நாளுக்குள்ளும் ஒரு கடப்போ இரண்டு கடப்போ அகப்படும். அந்தக் குழுவின் முதல் அவதானிப்பு 2023 ஜனவரி 20-21 இல் நடந்தது. அடுத்தது ஜூன் 1 இல். இடையே கோள் சரியாக நான்கு சுற்றுச் சுற்றிவிட்டது. பெப்ரவரியிலும் மார்ச்சிலும் கூட அது விண்மீனுக்குக் குறுக்கே போனது, ஆனால் அப்போது வெப் அந்தப் பக்கம் திரும்ப முடியாது. மெதேனும் காபனீரொட்சைட்டும் அங்கே இருப்பதாக அவ்வாண்டு செப்டெம்பரில் அறிவித்தார்கள். அந்தக் கோளில் உயிர் உண்டா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் நேரம் குறிக்காமல் விண்ணப்பித்திருந்தால் விவாதிக்கவே ஒன்றும் கிடைத்திராது. வெறும் விண்மீனின் ஒளியை மணிக்கணக்காகச் சேர்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

விண்ணப்பத்தில் நேரத்தைப் பல விதமாகக் குறிக்கலாம். அவற்றை வாசித்தபோது எங்கள் வைத்தியசாலைப் படிவங்களே எனக்கு நினைவுக்கு வந்தன.

இந்தத் திகதிக்கும் இந்தத் திகதிக்கும் இடையில் செய்யுங்கள் என்று கேட்பது ஒரு விதம். கர்ப்பிணித் தாய்க்குக் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கானை 18 வாரத்துக்கும் 22 வாரத்துக்கும் இடையில் செய்யக் கேட்கிறோமே, அது இந்த வகை. சுழன்று வரும் நிகழ்வின் குறித்த கட்டத்தில் செய்யுங்கள் என்பது இரண்டாவது. கோள் குறுக்கே போகும் வேளை அப்படிப்பட்டது. குளுக்கோசு குடித்துச் சரியாக இரண்டு மணித்தியாலத்தில் இரத்தம் எடுப்பதும் இதற்குச் சொந்தக்காரன். இத்தனை நாள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பாருங்கள் என்பது மூன்றாவது. நாய்க்கடிக்கு முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று ஊசி போடுவது போல. இன்னொரு தொலைகாட்டி பார்க்கும் அதே வேளையில் பாருங்கள் என்றும், இடையில் நிறுத்தாமல் பாருங்கள் என்றும் கேட்கலாம். கடைசி வகை விசித்திரமானது. "எப்போது நடக்கும் என்று தெரியாது. நடந்தால், இத்தனை நாளுக்குள் பாருங்கள்" என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்தை ஆயத்தமாக வைத்திருப்பது போன்றது அது.

இந்தக் கடைசி வகையின் பெறுமதி 2017 ஓகஸ்ட் 17 இல் தெரிந்தது. நியூத்திரன் விண்மீன்கள் இரண்டு ஒன்றோடொன்று மோதியதால் எழுந்த ஈர்ப்பு அலை பூமிக்கு வந்தது. இரண்டு விநாடிக்குள் காமாக் கதிர் வந்தது. பதினொரு மணித்தியாலத்துக்குள் சிலியிலிருந்த தொலைகாட்டி ஒன்று 13 கோடி ஒளியாண்டு தொலைவில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தது. அலை வந்த கணத்தில் அஸ்ட்ரோசாட்டுக்கு அந்தத் திசையைப் பூமி மறைத்துக்கொண்டிருந்தது. யாரும் விட்ட பிழை அல்ல, சுற்றுப்பாதையின் கணக்கு. இப்படியொன்று நடந்தால் என்ன செய்வது என்று முன்னரே எழுதி அனுமதி பெற்றிருந்த குழுக்கள் அன்றே வேலையைத் தொடங்கின. இந்தோரில் பிறந்த மன்சி கஸ்லிவால் என்ற பெண் விஞ்ஞானி, பல நாட்டுத் தொலைகாட்டிகளை ஓர் அஞ்சலோட்டம் போல இணைக்கும் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் விடிந்தால் இரவாயிருக்கும் இன்னோரிடம் தொடரும்.

சந்திரா தொலைகாட்டி இரண்டாம் நாள் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள், எலெயொனோரா துரோயா என்ற இத்தாலியப் பெண்மணி தலைமை தாங்கிய குழு அதே தொலைகாட்டியால் எக்ஸ்-கதிரைக் கண்டது. சில நாள்களில் அந்தத் திசை சூரியனுக்கு மிக நெருங்கிவிட்டது. பிறகு டிசெம்பர் வரை சந்திராவால் பார்க்க முடியவில்லை. ஒன்பதாம் நாள் பார்க்காமல் "வசதிப்பட்டபோது பார்க்கலாம்" என்று விட்டிருந்தால், மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் எல்லோரும் நேரம் குறித்துக் கேட்டுவிடலாமே என்று நினைப்பீர்கள். முடியாது, ஏனென்றால் அதற்கு விலை உண்டு. வருடத்தின் நேரசூசி ஒரு பெரிய அட்டவணை. நேரம் குறிக்காத அவதானிப்புகள் அதில் எங்கேயும் பொருந்தும். நேரம் குறித்தவை ஆணியடித்த மாதிரி. அவற்றுக்காகத் தொலைகாட்டி வானத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் திரும்ப வேண்டும். ஆணிகள் கூடினால் மற்றவர்களுக்கு இடமிருக்காது. அதனால் கடினமான கட்டுப்பாடுள்ளவற்றில் இத்தனைதான் ஏற்போம் என்று சந்திரா எல்லை வைத்திருக்கிறது. வெப் தொலைகாட்டியில், ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த இடைவெளிக்குள் தொடங்கியே ஆக வேண்டும் என்று கேட்டால், மேலதிகமாக ஒரு மணித்தியாலத்தைக் கேட்டவரின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

சந்திராவின் விண்ணப்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விடயம் உண்டு. நேரக் கட்டுப்பாடு உண்டா என்ற கேள்விக்கு அங்கே மூன்று விடைகள் இருக்கின்றன: ஆம், இல்லை, முடிந்தால். "ஆம்" என்றால் அது கட்டாயம். அந்த நேரம் தவறினால் அந்த அவதானிப்பால் பயனில்லை என்று பொருள். "முடிந்தால்" என்றால் அது விருப்பம். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் பழுதில்லை. "ஆம்" என்று எழுதினால் காரணம் காட்ட வேண்டும். காரணம் சரியாக இருந்தால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று: விண்ணப்பத்தில் சொல்லாத கட்டுப்பாட்டைப் பிறகு நினைத்த மாதிரிச் சேர்க்க முடியாது. சொன்னது மட்டுமே கணக்கில் வரும்.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன்.

நெடுந்தீவிலிருந்து ஒரு தாய் யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் வருகிறார் என்று வையுங்கள். காலையில் படகு. குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். பிறகு பஸ். புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் கடந்து பட்டணம். திரும்பிப் போகும் கடைசிப் படகைத் தவறவிட்டால் இராத்தங்க இடம் தேட வேண்டும். சோளகம் கடுமையாக வீசும் நாளில் படகே ஓடாமல் போகலாம். அடுத்த திகதி போடும்போது "எப்ப வாறீங்கள் அம்மா?" என்று கேட்டால், அவர் சொல்வார்: "எப்ப எண்டாலும் பரவாயில்லை டொக்டர். நீங்கள் சொல்லுற நேரம் வாறன்."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வருடமாகக் கேட்டுவிட்டேன்! அதில் பணிவு இருக்கிறது, மரியாதை இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. எப்ப எண்டாலும் அவரால் வர முடியாது. பிற்பகல் மூன்று மணிக்குத் திகதி போட்டால் அவருக்கு அன்றிரவு வீடில்லை. சொல்லக் கூச்சம். கேட்டால் ஏசுவார்களோ என்ற பயம். இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. படகு நேரத்தைக் காரணம் சொன்ன ஒரு வயோதிபரை, "உங்கட படகுக்கேற்ற மாதிரி வைத்தியசாலை நடத்த ஏலுமோ?" என்று ஓரிடத்தில் கேட்டதை நான் நேரில் பார்த்தேன். அவர் அதற்குப் பிறகு யாரிடமும் படகைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார். திகதி தவறியிருக்கும். "ஒழுங்காகக் கிளினிக் வருவதில்லை" என்று கொப்பியில் எழுதியிருப்பார்கள்.

உலகத்தின் மிகப் பெறுமதியான கருவிகளில் ஒன்று, ஒரு கோள் சுற்றும் நேரத்துக்கு ஏற்றபடி தன் அட்டவணையை மாற்றிக்கொள்கிறது. கேட்டவர் காரணத்தோடு கேட்டார், கேட்க ஓர் இடம் படிவத்தில் இருந்தது, அவ்வளவுதான். அப்படியிருக்க, ஒரு கிளினிக் படகு நேரத்துக்கு இடம் கொடுக்க முடியாதா?

மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு கோரிக்கைப் படிவத்திலும் "அவசரம்" என்று சிவப்பு மையில் எழுதுகிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். எல்லாம் அவசரம் என்றால் எதுவும் அவசரமில்லை. உண்மையில் இன்றே பார்க்க வேண்டிய நோயாளி அந்தச் சிவப்பு மைக்குள் காணாமல் போய்விடுவார். "அவசரம்" என்பதற்குப் பதிலாக, "இரண்டு கிழமைக்குள் வேண்டும், காரணம் இது" என்று எழுதினால் எதிரே இருப்பவருக்கு வழி தெரியும். "காலை பத்துக்கு முன் கட்டாயம், கடைசிப் படகு பிடிக்க வேண்டும். நாள் எதுவானாலும் சரி" என்று எழுதினாலும் அப்படியே. இறுக்கமானதை இறுக்கமாகச் சொல்லி, தளர்த்தக்கூடியதைத் தளர்த்திக் கொடுத்தால், கொடுப்பவருக்கும் இடம் கிடைக்கும்.

பழைய மாணவிகளே, உங்களில் பலர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மற்றவர்களுக்கு நேரம் ஒதுக்கும் கதிரைகளில் இருக்கிறீர்கள். வைத்தியசாலைகளில், பாடசாலைகளில், வங்கிகளில், அரச காரியாலயங்களில் இருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. உங்கள் கையிலுள்ள படிவத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "நேரக் கட்டுப்பாடு உண்டா? கட்டாயமா, முடிந்தாலா? காரணம் என்ன?" படிவத்தை மாற்ற அதிகாரம் இல்லாவிட்டால் வாயால் கேளுங்கள். "எப்ப எண்டாலும்" என்ற விடையோடு விட்டுவிடாமல் இன்னொரு தடவை கேளுங்கள். "கடைசிப் படகு எத்தனை மணிக்கு அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்து சொல்வார்கள்.

மாணவிகளே, உங்களுக்கும் ஒன்று. பெண்பிள்ளைகள், அதிலும் தீவுப் பிள்ளைகள், விட்டுக்கொடுத்துப் போகவே பழக்கப்பட்டவர்கள். பரீட்சைக்குப் படிக்க நேரம் வேண்டும் என்று வீட்டில் கேட்பதற்கே தயங்குவோம். விட்டுக்கொடுப்பது நல்ல குணம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை முடியாது என்று முதலில் நீங்களே இருந்து யோசியுங்கள். விருப்பத்தைக் கட்டாயம் என்று சொல்லாதீர்கள், பிறகு உங்கள் சொல்லுக்குப் பெறுமதி குறையும். கட்டாயமானதை "பரவாயில்லை" என்று விழுங்கவும் வேண்டாம். எவ்வளவு நேரம், எப்போது, ஏன் என்ற மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் மறுக்கட்டும். பத்தில் ஒன்பது விண்ணப்பம் மறுக்கப்படும் என்று தெரிந்துகொண்டே பெரிய விஞ்ஞானிகளும் அடுத்த சுற்றுக்குத் திரும்ப எழுதுகிறார்கள்.

எங்கள் நாட்டில் பிறந்த ரே ஜயவர்தன, வெப் தொலைகாட்டியின் கருவிகளில் ஒன்றுக்கான விஞ்ஞானக் குழுவில் இருக்கிறார். இந்தப் பாடசாலையிலிருந்து ஒரு பிள்ளை நாளை அப்படியொரு விண்ணப்பம் எழுதினால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அதுவரை, வைத்தியசாலைக்குப் போகும் அம்மம்மாவின் கொப்பியில் கடைசிப் படகின் நேரத்தைத் தெளிவான எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அதுவும் காலம் குறித்துக் கேட்டல்தான்.